அச்சகத்து மாடியில் ஒரு கல்யாணப் படம்

அவரிடம் "ஆடாதே" என்று திட்டு வாங்காத முகம் எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்து அட்டைக்கு, வேலை விண்ணப்பத்துக்கு, வெளிநாடு போக, கடைசியில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட, எதற்கென்று போனாலும் கடைவீதி முனையில் இருக்கும் அவருடைய ஸ்டுடியோவில் அந்த முக்காலியில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் குடை விளக்கு எரியும். கண் கூசி நாம் கொஞ்சம் நெளிவோம். உடனே, "ஆடாதே!" வயதில் மூத்தவர்களுக்கு மட்டும் "ஆடாதீங்க." அதனால் தெரு அவருக்கு ஆடாதே அண்ணன் என்று பெயர் வைத்திருந்தது. அவர் இல்லாதபோது மட்டும். எதிரில் இருந்தால் வெறும் அண்ணன்.

அவருடைய வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, அச்சகத்துக்கு மேலே மாடியில். என் சமையலறை ஜன்னலில் நின்றால் அவர்கள் கூடம் முழுசாகத் தெரியும். வேண்டுமென்றே பார்ப்பதில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, நான் என்ன செய்ய?

கூடம்தான் தெரியும். அதற்கு உள்ளே இருக்கும் அறை தெரியாது. அதன் வாசலில் ஸ்டுடியோவில் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடும் கறுப்புத் துணியை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டிருந்தார். ஜன்னலுக்கும் அதேதான். உள்ளே அவர் மனைவி இருந்தாள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். சில வருடங்களாக அவளுக்குக் கண்ணில் ஒரு வியாதி. வெளிச்சம் பட்டால் ஊசியால் குத்துகிற மாதிரி இருக்குமாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாயங்காலம் இருட்டின பிறகு கூடம்வரைக்கும் வருவாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஸ்டுடியோவில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான் என்பதால், அந்த விளக்குதான் கண்ணைத் தின்றுவிட்டது என்று தெரு பேசியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். தெரு கேட்கவில்லை. அண்ணனும் முழுசாகக் கேட்டாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஏனென்றால் ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிற மனுஷன், வீட்டுக்குள் கால் வைக்கும்போது செல்போனை அணைத்துவிட்டுத்தான் வைப்பார். அடுப்பைப் பற்ற வைப்பதானால்கூடச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அவரை நான் எத்தனையோ விஷயத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். இதில் மட்டும் வாய் வராது.

அக்காவும் இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை. கீழே அச்சகத்தில் அடித்த தாள்களை மேலே கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை மூலைக்கு மூலை சேர்த்து, மடித்து, விரல் நகத்தால் ஒரு இழுப்பு. மடிப்பு கத்தி மாதிரி விழும். கண் உள்ளவர்கள் மடித்தது கோணலாக இருக்கும், அவள் மடித்தது இருக்காது. மடித்துக்கொண்டே தெருவில் யார் போகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தை வைத்துச் சொல்வாள். எனக்குத் தெரியாத சேதி சில அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை. அவளுக்கு வேறு ஊர்க்காரப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் வண்டியேறிப் போய்விடுவாள். சிக்கல் எங்கே என்றால், பதிவு அலுவலகத்தில் தலைக்கு மேலே வரிசையாகக் குழல்விளக்கு. சாப்பாட்டுக் கூடத்தில் அதைவிட அதிகம். அக்காவால் எங்கேயும் வர முடியாது.

"அம்மா இல்லாத ஆல்பம் எனக்கு எதுக்குப்பா?" என்றாள் மகள். நான் அப்போது ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். "ஊருக்கெல்லாம் எடுக்கறீங்க. எங்க அம்மாவ எடுத்து எத்தன வருஷம் ஆச்சு? வெளிச்சம் இல்லாம எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசற? எனக்கா தெரியாது? கல்யாணத்தன்னிக்குக் காலைல, நீ கிளம்பறதுக்கு முன்னாடி, அம்மா பக்கத்துல உன்ன உக்கார வச்சு, அந்த ரூம்லயே எடுக்கறேன். திரைய ஒரு விரல் விலக்கினா போதும்."

"ஒரு விரல் வரைக்கும் தாங்குவேன்," என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல். "அதுக்கு மேல விலக்கினீங்க, நான் எழுந்து போயிடுவேன்."

அவருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆயுசு முழுக்க வெளிச்சத்தைக் கொட்டிக் கொட்டிப் படம் எடுத்தவர். இருட்டில் எடுப்பது வேறு தொழில் மாதிரி இருந்தது அவருக்கு. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மத்தியானம் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். அக்காவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, அவள் அந்த இருட்டு அறையின் மூலையில் தாள் மடிக்க, அவள் நாற்காலியில் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது.

"ஏம்மா எதிர்வீடு, சும்மாதான இருக்க? வந்து உக்காரு," என்றார்.

சும்மா இருப்பதாக யார் சொன்னது என்று கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வாய்ப்பை விட முடியுமா? போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் கேமரா என்னைப் பார்க்கவே மறுத்தது. லென்ஸ் முன்னால் வரும், பின்னால் போகும், ட்ர்ர் ட்ர்ர் என்று இருட்டில் சாவி தொலைத்தவன் மாதிரி தடவும். பிறகு அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. "ஐயோ!" என்று மூலையில் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் பதறிப்போய் அந்த விளக்கின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டினார். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சுற்று. அப்புறமும் விரலால் பொத்திப் பார்த்தார்.

தானாகப் பார்க்காவிட்டால் நாம் பார்த்துவைக்கலாம் என்று, அக்காவைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, என் மூக்கின்மேல் டார்ச் அடித்து, லென்ஸைக் கையால் திருகி ஃபோகஸைத் தெளிவாக்கி, அது நகராமல் இருக்க அங்கேயும் நாடா ஒட்டினார். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கோடு. கேமராவிலிருந்து என் கண் ஓரம்வரைக்கும் ஒரு நூலை இழுத்து அந்த இடத்தில் முடிச்சு போட்டுக்கொண்டார். லென்ஸின் வாயை முழுசாகத் திறந்திருந்ததால், முகம் ஒரு விரல்கடை முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் மங்கிவிடுமாம்.

"இந்த முடிச்சு கண்ணோரத்துல வந்து நின்னா சரி. அன்னிக்கு அவ உக்காந்தாலும் இதே முடிச்சுதான்," என்றார்.

"என் மூக்க அளவெடுத்தீங்களோன்னு பயந்துட்டேன்ணே."

"உன் மூக்கு எல்லா வீட்டுக்குள்ளயும் வருது. அத வச்சு அளக்க முடியுமா?"

மூலையில் அக்கா சிரித்தது கேட்டது. சமையலறையிலிருந்து அவள் எப்போது திரும்பினாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகப் பார்வை சரியாயிற்று. அடுத்து நடுக்கம். அவ்வளவு மங்கல் வெளிச்சத்தில் படம் விழ ஒரு நொடி வேண்டும். அந்த ஒரு நொடி எதுவும் அசையக் கூடாது. முதலில் கையிலேயே பிடித்துப் பார்த்தார். முழங்கைகளை விலாவில் ஒட்டி, சுவரில் சாய்ந்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைப் பூவைத் தொடுவது மாதிரி தொட்டார். வில்லெடுத்துக் குறிபார்க்கிறவன்கூட அவரிடம் தோற்றுப்போவான். ஆனாலும் படத்தில் எனக்கு நான்கு கண். பிறகு ஸ்டாண்டு வைத்தார். கேமராவையே தொடக் கூடாது என்று ஒயர் வைத்த பொத்தான் வாங்கிவந்தார். கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸில் ஒரு விசை உண்டாம். ஸ்டாண்டில் நிற்கும்போது அதுவே ஆட்டிவிடும் என்று அதையும் அணைத்தார். அப்படியும் எனக்கு இரண்டு மூக்கு. அவருக்குப் பிடிக்காத மூக்கு, அதில் இரண்டு.

"நீ பேசிக்கிட்டே இருக்க. அதான் ஆடுது," என்றார்.

"நான் வாயே தொறக்கலண்ணே!"

"மனசுக்குள்ள பேசற. முகத்துல தெரியுது."

மறுநாள் என்னை எழுப்பிவிட்டு, மகளுக்கு வாங்கிய புதுப் பெட்டியை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தார். பெட்டியின்மேல் கடைக்காரர்களின் சீட்டு ஒட்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தச் சீட்டின் எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாக நின்றது.

"பெட்டியும் மனசுக்குள்ள பேசுதாண்ணே?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அது அவருக்கு நிஜமாகவே வலித்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்டாண்டின் காலை ஒவ்வொன்றாகத் திருகினார். நடுவில் கல் மூட்டையைத் தொங்கவிட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி இரட்டை. "கேமராதான் போயிடுச்சு போல," என்று முணுமுணுத்தார். "கல்யாணம் வந்து நிக்குது. இந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்வேன்?"

தாள் மடிக்கும் சத்தம் நின்றது.

"கேமரா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் அக்கா. "தரைதான் ஆடுது. ஊரையெல்லாம் ஆடாதேன்னு அதட்டுறீங்களே, தரைய ஒரு தடவ அதட்டிப் பாருங்க."

"எந்தத் தரை?"

"நீங்க நிக்கற தரைதான். கீழ மெஷின் ஓடுதில்ல?"

"எந்த மெஷின்?" என்று கேட்டார் பாருங்கள்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அச்சு இயந்திரத்தின் தலைமேல் குடியிருக்கிறவர். எனக்கு அந்த வீட்டில் கால் வைத்தால் உள்ளங்கால் குறுகுறுக்கும். வந்த விருந்தாளிகள் எல்லாரும் தம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக அசைவதைப் பார்த்து ஒரு நிமிஷம் பயப்படுவார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் மரத்துப் போயிருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"ஆடுது," என்றார் கடைசியில். "இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? ஸ்டாண்டு வச்சா ஆடாதுன்னு எதிர்வீட்டுக்காரிக்குப் பாடம் நடத்திட்டு இருந்தீங்க. நடுவுல பேசுவானேன்னு இருந்துட்டேன்."

அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போய் ஃபோர்மேனைக் கேட்டார். நானும் துணைக்குப் போனேன். கல்யாணத்தன்று காலையில் கொஞ்ச நேரம் இயந்திரத்தை நிறுத்தினால் போதும் என்றார். ஃபோர்மேன் நல்ல மனிதர். மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, "பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது, பாடப்புத்தகம் ஓடிட்டிருக்கு. முதலாளி காலைலயே வந்து பக்கத்துல நின்னுக்கறாரு. உங்க பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதான். ஆனா பொத்தான்ல கை வச்சேன்னா எனக்கு வேலை போயிடும் சார்," என்றார்.

அண்ணன் ஸ்டாண்டின் காலுக்கடியில் பஞ்சு வைத்தார், கம்பளி வைத்தார், சைக்கிள் டியூப் வெட்டி வைத்தார். கம்பளிமேல் ஸ்டாண்டு படகில் ஏறின கிழவர் மாதிரி தள்ளாடியது. டியூப் கொஞ்சம் தேவலை, ஆனாலும் கண்ணிமை பிசிறியது. நாள் நெருங்க நெருங்க அவர் சாப்பாடு குறைந்தது.

"உக்காந்து சாப்பிடுங்க," என்றாள் அக்கா. "மெஷின் நிக்காதுன்னு யாரு சொன்னா? தாள் கட்டு தீந்தா நிக்கும். புதுக் கட்ட ஏத்தி, தட்டி, ஒழுங்கு பண்ணி மறுபடி விடற வரைக்கும் தரை சும்மாதான் இருக்கும். தீரப்போகும்போது சத்தம் மெலியும். எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீங்க அமுக்குங்க."

"நீ சொல்லி நான் அமுக்கறதா?" என்றார் அவர். தொழிலில் அவருக்கு அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

"ஆமா. வேணாம்னா தரைய அதட்டுங்க."

கல்யாணத்தன்று காலையில் நான் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். எப்படிப் போகாமல் இருப்பேன்? மகள் கல்யாண உடுப்பில் வானத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தாள். அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். அண்ணன் நூலை இழுத்து முடிச்சை அவள் கண்ணோரத்துக்குக் கொண்டுபோனார். ஊரார் தாடையை முரட்டுத்தனமாகத் திருப்பி வைக்கிற அந்தக் கை, அவள் கன்னத்தில் படாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"சரியா இருக்கா?" என்றாள் அவள்.

"கொஞ்சம் பின்னாடி. இன்னும் கொஞ்சம். போதும்."

மகள் பக்கத்தில் அதே கோட்டில் உட்கார்ந்தாள். திரை ஒரு விரல் விலகியது. கீழே இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பதிவு அலுவலகத்துக்குப் போகும் கார் வந்து ஹாரன் அடித்தது.

"மெலியுது," என்றாள் அக்கா. "தயாரா இருங்க."

இயந்திரம் நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் டக் டக் டக் என்று குதிகால் செருப்புச் சத்தம். தண்ணீர்த் தம்ளர் கிணுகிணுத்தது.

"நேரமாகுது! எல்லாரும் என்ன பண்றீங்க மேல?" என்று ஒரு குரல் ஏறி வந்தது. மாப்பிள்ளையின் அக்கா. நிச்சயத்துக்கு வந்தபோதே, "பொண்ணோட அம்மா இருக்காங்களா, இல்ல இருக்கறதா சொல்றீங்களா?" என்று கேட்டவள்.

படம் வீணானது. அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டாள், விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. "இன்னும் ஒரு தடவதான் என்னால தொறக்க முடியும்," என்றாள் மெதுவாக. கீழே இயந்திரம் மறுபடி கிளம்பியது.

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் பொம்பளைய அசையாம நிறுத்தணும். உன்னால முடியுமா?"

இப்படி ஒரு வேலைக்கு என்னை யாராவது கூப்பிடுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் அதற்காக அந்த அறையை விட்டு, அந்த ஒரு நொடியை விட்டு வெளியே போக வேண்டும். இவ்வளவு நாள் உட்கார்ந்து கடைசியில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. போனேன்.

படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் அவளை மடக்கினேன். "மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்கதான? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். பொண்ணோட அம்மாவப் பத்தி."

ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில், அப்படியே நின்றாள். "என்ன?"

கற்பனையாக எதையாவது சொல்லி நிறுத்தலாம் என்றுதான் வந்தேன். என்னிடம் சரக்குக்கா பஞ்சம்? ஆனால் வாயிலிருந்து உண்மைதான் வந்தது. கண் வியாதியைச் சொன்னேன். கறுப்புத் துணியைச் சொன்னேன். இருட்டில் தாள் மடிப்பதை, செல்போனை அணைத்துவிட்டு வீட்டுக்குள் வருகிற மனுஷனை, நாடாவின்மேல் நாடா ஒட்டினதை, தரையில் கை வைத்துப் பார்த்ததை எல்லாம் சொன்னேன். "இப்ப உள்ள அந்தம்மா வலிக்கற கண்ணத் தொறக்கப் போறாங்க. இன்னும் ஒரு தடவதான். நாம நகந்தா படம் ஆடிடும்," என்றேன்.

அவள் குனிந்து செருப்பைக் கழற்றக் கை நீட்டினாள். அதுவும் சத்தமாகும் என்று நினைத்தோ என்னவோ, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். குனிந்தபடியே நின்றாள். சுவரில் வைத்த என் கையில் இயந்திரத்தின் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. அது மெல்ல மெல்லத் தேய்ந்தது. நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள். மனசுக்குள்ளும் பேசவில்லை.

மேலேயிருந்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "இப்ப."

கீழே யாரோ தாள் கட்டைத் தட்டி ஒழுங்கு செய்தார்கள். பிறகு இயந்திரம் கிளம்பியது. மேலே மகள், "விழுந்துச்சு! அப்பா, விழுந்துச்சு!" என்று கத்தினாள்.

மாப்பிள்ளையின் அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு எனக்கு முன்னால் ஏறினாள். திரைக்கு வெளியே நின்று, "அம்மா, நான் உள்ள வரல. பொண்ண நல்லபடியா பாத்துக்கறோம்," என்றாள். உள்ளேயிருந்து, "மெதுவா ஏறி வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்மா," என்று பதில் வந்தது. அது நன்றியா, குத்தலா என்று எனக்கே பிடிபடவில்லை.

அண்ணன் கேமராவைக் கூடத்துக்கு எடுத்துவந்து காட்டினார். நான் பொய் சொல்ல மாட்டேன், மூச்சு நின்றுவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து அக்காவின் முகம் அப்படியே எழுந்து வந்திருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் அந்த ஒரு விரல் வெளிச்சம். கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. விழித்த கண்ணில் வலி இருந்தது, அதை மீறி ஒரு குறும்பும் இருந்தது. இத்தனை வருடமாக முகம் முகமாக எடுத்துத் தள்ளினவர், இப்படி ஒரு முகத்தை எடுத்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் மகள்தான் மங்கிப்போயிருந்தாள். "இப்ப" என்று அம்மா சொன்னதும் அவள் கேமராவைப் பார்க்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். முகம் புகைபோல இழுபட்டிருந்தது.

"நீ ஆடிட்ட," என்றார் அண்ணன். "இன்னொண்ணு எடுக்கலாம். அடுத்த கட்டு தீர்ற வரைக்கும்—"

"வேணாம்ப்பா. என் மூஞ்சிய நான் தினம் கண்ணாடில பாக்கறேன். அம்மா தெரியறாங்கல்ல? இதுதான் எனக்கு வேணும்," என்றாள் மகள். உள்ளே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அக்காவோடு படியிறங்கினாள். ஹாரன் மறுபடி அடித்தது.

அண்ணன் மட்டும் போகாமல் திரையருகே நின்றார். அக்காவால் கேமராவின் சின்னத் திரை வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஈரக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள்.

அவர் கேமராவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கேமராவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"வயசாயிடுச்சு," என்றார்.

"அப்படின்னா ஃபோகஸ் சரியாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "கிளம்புங்க, பொண்ணு காத்துட்டிருக்கா."